மாத்திரையும் மூச்சும்

திருமந்திரம் மூன்றாந் தந்திரத்தைப் படிப்பிக்கப் புகும் ஆசிரியர் பலர், பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்னுங் கணக்கை நெட்டுருச் செய்வித்து அமைகின்றனர். பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவிப்பர். அப்போது தம்முள் ஓடும் மூச்சையோ அறியார். இக்குறை நீங்கும் வழி இலக்கணப் பாடத்திலேயே உளது.

மாத்திரையாவது யாது? இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதுமாம் என்பர் இலக்கண நூலார். எழுத்தை அளக்கும் அதுவே யோகநூலில் மூச்சையும் அளக்கின்றது. எழுத்துப் பிறத்தலும் உள்ளிருந்தெழும் வளியினாலே என்பது தொல்காப்பியப் பிறப்பியலாற் பெறப்படும். உயிர்த்தல் என்னுஞ் சொல் மூச்சுவிடுதலுக்கும் வாழ்தலுக்கும் பொதுவாதலையுங் காட்டுக.

யோகநூல் வழக்கில் ஒருநாளைய மூச்சு 21,600. அஃதாவது நிமிஷத்துக்கு 15. வளர்ந்தோர் ஓய்ந்திருக்கையில் 12 முதல் 20 வரை மூச்சு விடுவரென்பர் இக்கால உடற்றொழில் நூலார். சிறுவர்க்கு அது மிகும்.

அற்றேல், கும்பகத்தை வகுப்பிற் பயிற்றலாமோவெனின், ஆகாது. அது குருமுகமாகப் பெறற்பாலது. மூச்சை வலிந்தடக்கின் பிள்ளைகட்குத் தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகக் கூடும். நாம் பயிற்றத்தக்கது மூச்சை அறிதல் ஒன்றே.

அதன் முறை வருமாறு: இடாப்புக் கூப்பிடுமுன் பிள்ளைகளை நிமிர்ந்திருக்கச் செய்க. மூச்சுத் தானே வந்து போகுக. அது மூக்கின் நுனியிற் படுதலை அவதானிக்கச் சொல்லுக. வெளிவரும் மூச்சுதோறும் "சிவ" என மனத்துள் நினைக்க. அஃது இரண்டு மாத்திரை. மனம் ஓடின், கடியாது அடுத்த மூச்சுக்குத் திருப்புக. பத்து மூச்சுப் போதும். ஒரு நிமிஷமுஞ் செல்லாது.

இஃது எற்றுக்கெனின், கூறுதும். திரியாயில் 1985 ஆம் ஆண்டு வீடுகள் எரியுண்டன, சனங்கள் ஊர்விட்டகன்றனர். மீண்டு குடியேறியோர் இல்லங்களில் இழந்தவற்றைப் பற்றியும் இனி வருவதைப் பற்றியும் பேச்சு நிகழும். அதனைக் கேட்டு வளரும் பிள்ளையின் மனம் பாடத்தில் நில்லாமை குற்றமாகாது. பிரம்பினால் அது நிற்பதுமில்லை. சென்ற மூச்சு மீளாது; வரும் மூச்சு நம் வசத்ததன்று; இப்போது நிகழும் மூச்சில் மனம் சிறிது தங்குமாயின், பிள்ளை பயமின்றிப் புத்தகத்தைத் திறக்கும்.

ஆசிரியர்காள்! முதலில் நீவிர் தனித்திருந்து ஒரு மாதம் இதனைப் பயிலுக. தம் மூச்சை அறியாதார் பிறர்க்கு அதனை அறிவித்தல் கூடாதன்றோ.