குடியையும் விட்டால்தான் சிகிச்சையா?

கேள்வி: என் தம்பி டேபென்டடால் வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டான். மருத்துவர், நாக்கடியில் வைக்கும் ப்யூப்ரினார்ஃபின் மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறார். அவனுக்குக் குடியும் கஞ்சாவும் உண்டு. ‘முதலில் எல்லாவற்றையும் விடட்டும், பிறகு பார்க்கலாம்’ என்கிறார் அப்பா. எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: மருத்துவர் சொல்வதே சரி, சகோதரி. காத்திருக்கும் காலத்தில்தான் உயிர் போகும் அபாயம் அதிகம்.

ப்யூப்ரினார்ஃபின் மூளையில் வலி மாத்திரை போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு, உடல்வலி, நடுக்கம், ஏக்கம் ஆகியவற்றைத் தணிக்கிறது. ஆனால் மூச்சை அடக்கும் அதன் விளைவு ஓர் அளவோடு நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது.

மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு குறையும், மூச்சு அடங்கலாம். அது உண்மை. ஆனாலும் அதைக் காரணம் காட்டி இந்தச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, கவனத்தைக் கூட்ட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவுறுத்தியது. கஞ்சா பிடிப்பதும் மருந்தை நிறுத்தக் காரணமல்ல.

தம்பி எதை, எவ்வளவு எடுக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் மாத்திரையை எப்போது வைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அவசரப்பட்டால் உடல் படும் அவதி கூடும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதற்கும் கூடவே சிகிச்சை வேண்டும். மாத்திரைகளை வீட்டில் ஒருவர் பூட்டி வைத்துக் கொடுக்கட்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இது ஒழுக்கக்கேடு அல்ல, நோய். ஒன்றிலிருந்து மீண்டவருக்கு மற்றதையும் விடும் தெம்பு வரும்.