கௌபிப் பயிரின் கழுத்தழுகல் நோய்



குளிர்நாட்டார் மாட்டுத்தீனிக்கும் மண்வளத்திற்கும் குளோவர் என்னும் பூண்டைப் பயிரிடுவர். நமது வெப்பத்தில் அது செழிப்பதில்லை. அதன் பணியை நமக்குக் கௌபி செய்கின்றது. மணி மனிதருக்கும், கொடி மாட்டுக்கும் உணவாகின்றன. வேர்முடிச்சுகள் மண்ணுக்கு நைதரசனைத் தேடித் தருகின்றன. இத்தகைய பயிரைப் பாத்தி பாத்தியாக அழிப்பது கழுத்தழுகல் நோயாகும்.

நோயை அறியும் விதம்

பசுமையாக நின்ற செடி திடீரென வாடினால், நீர்க்குறைவென்று எண்ணி மேலும் நீர் இறைத்தல் கூடாது. ஈரம் நோயை வளர்க்கும். செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடுமிடத்தில் வெண்ணூல் போன்ற படலமும், கடுகளவான கபில நிற உருண்டைகளும் காணப்படின் அது கழுத்தழுகலே. அவை காணப்படாமல், இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி நெளிந்திருப்பின், அது அழுக்கணவன் பூச்சியாலும் விதையாலும் பரவும் வைரசு நோயாக இருக்கலாம். அத்தகைய செடியைப் பிடுங்கி விடுங்கள். அதன் மணியை விதைக்கு எடுக்க வேண்டா.

நோயின் காரணம்

கழுத்தழுகலை உண்டாக்குவது ஒரு பங்கசு. 1892 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் ரோல்ஃப்ஸ் என்னும் அறிஞர் இதனைத் தக்காளியில் கண்டறிந்தார். தக்காளி, மிளகாய், கத்தரி, கச்சான் ஆகியவற்றையும் இது தாக்கும். ஆகவே இன்று கௌபியில் விட்ட நோய் நாளை உங்கள் மரக்கறித் தோட்டத்தை வருத்தும். உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.

செய்யவேண்டியவை

1. நோயுற்ற செடியைச் சுற்றிய மண்ணோடு அகற்றி எரித்து விடுங்கள். எருக்குவியலிலோ வாய்க்காலிலோ எறிதல் கூடாது. மாட்டுக்கும் இட வேண்டா. தொழுவத்தில் சிந்திய மிச்சம் எருவோடு வயலுக்குத் திரும்பும்.

2. பாத்தியை உயர்த்தி, நீர் வடிய வழி செய்து, இடைவெளி விட்டு நடுங்கள்.

3. படுவான்கரை வயல்களில் பெரும்போகத்தில் நீர் தேங்கி நிற்கையில், காற்றின்றி உருண்டைகளிற் பல அழிகின்றன. ஆதலால் நெல்லின் பின் கௌபி இடுதல் நன்று. எழுவான்கரை மணற்பாத்திகளுக்கு இவ்வசதி இல்லை. அங்கே நோய் கண்ட பாத்தியில் மரக்கறிக்குப் பதிலாகச் சோளனை மாற்றிப் பயிரிடுங்கள்.

4. மருந்து வாங்குமுன், பிடுங்கிய செடியொன்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மருந்து தெளித்த கொடியை, சிட்டையிற் குறித்த நாட்கள் கழியும்வரை மாட்டுக்குக் கொடுத்தல் ஆகாது.

வாடிய முதற் செடியைக் கண்ட அன்றே பிடுங்குங்கள். அதனால் அயற்செடிகளையும் அடுத்த போகத்து மரக்கறியையும் காத்துக்கொள்ளலாம்.