இடுப்பென்பு முறிவும் பதிவுச் சொல்லும்

பெயரிடுதல் அறிவின் முதற்படி. பெயர் பிழைப்பின் பொருளும் பிழைக்கும். இலக்கண வகுப்பில் நாம் நாடோறும் கூறும் இவ்வுண்மை வைத்தியசாலையிலும் செல்லும். தமிழாசிரியர்க்கு வைத்தியத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். நோயாளியின் வாயிற் பிறப்பது தமிழ்ச் சொல். அது வைத்தியர் கையில் ஆங்கில வரியாகின்றது; பின்னர்ப் பதிவறையில் ஓர் எண்ணாகின்றது. இம்மூன்று நிலையுள் எங்கே பொருள் நழுவுகின்றது என்று ஆராய்தல் சொல்லைத் தொழிலாகக் கொண்ட எமக்கும் உரியதேயாம். இடுப்பென்பிற் காணும் தகைப்பு முறிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவாம்.

இவ்வாராய்ச்சி யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலைவைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872 இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களுக்காக அவரும் அவர் மாணாக்கரும் உடலுறுப்பு ஒவ்வொன்றிற்கும் பெயர் தேடினர். தமிழிற் சொல் உளதாயின் அதனைக் கொண்டனர். இன்றாயின் வடசொல்லை நாடினர். அதுவும் அமையாவிடத்து, 'கெமிஸ்தம்' என்றாற்போல, ஆங்கிலச் சொல்லையே தமிழுருவாக்கினர். பெயரில்லா உறுப்பிற்கு வைத்தியம் கற்பிக்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனித் தகைப்பு முறிவு யாதெனக் காண்பாம். கம்பி ஒன்றை மீண்டும் மீண்டும் வளைப்பின் அது ஒருநாள் முறிகின்றது. ஒருமுறை வளைத்த விசை சிறிதாயினும், பலமுறை வளைத்தமையால் முறிவு நேர்ந்தது. என்பும் அத்தகையதே. ஆயின் உயிருள்ள என்பு தன் நுண்ணிய சிதைவுகளைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்தத்தினும் சிதைவு விரைந்து நிகழுங்கால் வெடிப்புத் தோன்றும். நெடுந்தூர ஓட்டக்காரரிடத்தும் புதிதாகப் படையிற் சேர்ந்தோரிடத்தும் இது காணப்படும். 1855 இல் பிரசியப் படை வைத்தியர் பிறைற்ஹவுப்ற் போர்வீரரின் பாதத்தில் இத்தகைய துன்பத்தை விவரித்தார். முதுமையில் என்பு பலமிழந்த மகளிர்க்கு வீழ்ச்சி எதுவும் இன்றியே, நாளாந்த நடையினாலும் முறிவு நேர்தல் உண்டு. இடுப்பு வளையத்திலே, முதுகின் அடியிலுள்ள திருவென்பும் முன்புறத்துப் பூப்பென்பும் இதற்குப் பெரிதும் இடமாகின்றன. தொடக்கத்தில் ஊடுகதிர்ப் படத்தில் ஒன்றும் தோன்றாதிருத்தல் கூடும், எம்.ஆர்.ஐ. படமே அதனைத் தெளிவாகக் காட்டும்.

படம் காட்டாத பொழுது சொல்லே சான்று. ஈண்டுத்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. எம்மூரவர் 'நாரி நோகுது' என்பர். பின்னிடுப்பும் முதுகின் கீழ்ப்பகுதியும் அதனுள் அடங்கும். 'இடுப்பு' என்பது மேகலை அணியும் இடமாகவும், தொடை பொருந்தும் மூட்டாகவும் பொருள்படும். கவட்டில் நோவுடைய மூதாட்டியார் நாணத்தால் அதனையும் 'இடுப்பு' என்றே கூறிவிடுவர். கேட்டவர் 'முதுகு நோ' என எழுதின், அடுத்து வரும் வைத்தியர் அதனையே படிப்பார். திருவென்பின் வெடிப்பு தசைப்பிடிப்பாக எண்ணப்படும்.

எழுதப்பட்ட நோய்ப்பெயர் அடுத்து எண்ணாகின்றது. உலக நோய்ப் பகுப்பு 1893 இல் பேற்றியோன் என்பாரது இறப்புக் காரணப் பட்டியலாகத் தொடங்கியது. 1948 இல் உலக சுகாதார தாபனம் பொறுப்பேற்ற ஆறாந் திருத்தத்திலேயே இறவாதோர் நோய்களும் முறையாக இடம்பெற்றன. பதினோராந் திருத்தம் 2022 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் நன்கு பழகிய பத்தாந் திருத்தத்தையே இங்குக் கொள்வாம். அதன்படி விழுந்து முறிந்த இடுப்பென்பு எஸ் 32 என்னும் பிரிவிற் சேரும். தகைப்பு முறிவு எம் 84.3 ஆகும், என்பு பலமிழந்தமையால் வந்த முறிவு எம் 80 இல் அமையும். என்பு ஒன்றாயினும் காரணம் வேறாதலின் எண்ணும் வேறாயிற்று. மூதாட்டியார்க்கு எம் 80 என எழுதுவது என்பை வலுப்படுத்தும் சிகிச்சையை நினைவூட்டும். எஸ் 32 என எழுதின் அந்நினைவு எழாது போகலாம்.

நல்ல பதிவுக்கு வேண்டுவன யாவை? நன்னூலார் கூறும் அறுவகைப் பெயரை மாணவர் நினைவுகூர்க. பொருள்: நோய் எது? இடம்: வலமோ இடமோ? காலம்: எப்பொழுது தொடங்கியது, இது முதல் வருகையோ பின் வருகையோ? சினை: எந்த என்பு? குணம்: தகைப்பினாலோ, பலமின்மையாலோ? தொழில்: ஓட்டமோ, வீழ்ச்சியோ, நாளாந்த வேலையோ? இவ்வாறும் எழுதப்பட்டால் எண்ணிடுவோர்க்கு ஐயமில்லை.

எனினும் எண்ணை மட்டும் நம்புதல் தகாது. உலகப் பத்தாந் திருத்தத்தில் எம் 84.3 உடன் இடத்தைக் காட்டச் சேர்க்கும் 5 என்னும் இலக்கம் இடுப்பையும் தொடையையும் ஒருங்கே குறிக்கும். பூப்பென்பின் வெடிப்பு பெரும்பாலும் ஓய்வினால் ஆறும். தொடையென்பின் கழுத்தில் உண்டாகும் வெடிப்போ, கவனியாது ஓடின், முற்றாக முறிந்து விலகக்கூடும். சிலர்க்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டும். இருவேறு கதியுடைய இரு நோய்கள் ஓரிலக்கத்தில் ஒடுங்குகின்றன. அமெரிக்கர் தம் பதிப்பில் இடுப்பை எம் 84.350 எனவும் வலத்தொடையென்பை எம் 84.351 எனவும் பிரித்தது இது நோக்கியே போலும். அப்பிரிவு இல்லாவிடத்து, எந்த என்பு என்னும் சொல்லே நோயாளியைக் காக்கும்.

ஆதலின் ஓட்டப் பயிற்சி செய்யும் மாணவர்க்கு எமது வேண்டுகோள் இது: ஓடுந்தோறும் மிகும் நோவு கவட்டிலோ நாரியிலோ தோன்றின், ஓட்டத்தை நிறுத்தி, இடத்தை விரலாற் சுட்டிக் காட்டி, பயிற்சி எவ்வளவு கூடியது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பழைய மாணவருள் வைத்தியரும் தாதியரும் பதிவாளரும் பலர் உளர். நோயாளி 'நாரி' என்றால் எவ்விடம் என இன்னொருமுறை வினவி, கேட்டதைக் கேட்டவாறே எழுதுமாறு அவர்களை வேண்டுகின்றோம். எம் வீட்டு முதியோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் அவர் நாணிக் கூறாததையும் எடுத்துரைத்தல் கடன்.

மானிப்பாயில் உறுப்புக்குப் பெயர் தேடியோர் எமக்குச் சொற்களை ஈட்டித் தந்தனர். அவற்றை உரிய இடத்தில் தவறாது வழங்குதல் எமது பங்காகும்.