பக்கத்துக் கட்டிலின் கஞ்சி

அம்மா இடுப்பெலும்பு முறிந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். துணைக்கு நான் ஒருத்திதான். மூன்றாம் நாள் காலை, முந்தின ராத்திரியிலிருந்து வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பீடி சுற்றிப் பிழைப்பவர். சாப்பிட்டீர்களா என்றுகூட அவர் கேட்கவில்லை. ஃபிளாஸ்க் மூடி நிறையக் கஞ்சி ஊற்றி, ஒரு தாளில் துவையல் வைத்து என் முன்னால் நீட்டினார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. நான் பர்ஸைத் தேடினேன்.

“கஞ்சிக்குப் போயி கணக்கு பாப்பாவளாக்கா? ஆறுமுன்ன குடிங்க” என்று சொல்லிவிட்டு மாமியாருக்குக் கால் அமுக்கப் போய்விட்டார்.

கிருபை என்ற சொல்லோடு வளர்ந்தவள் நான். தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் தயவு என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அந்த மூடிக் கஞ்சியோடுதான் அந்தச் சொல் எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கியது. அந்தப் பெண் எங்கள் கோயிலுக்கு வருகிறவர் அல்ல. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மறுநாள் அவர் மாமியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கடன் தீராமல் கிடந்ததுதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு முந்தின கிறிஸ்மஸில், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குப் புதுச் சேலை எடுத்திருந்தேன். உறவினர்கள் நிறைந்திருந்த கூடத்துக்கு அவரைக் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்கக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் அதைக் கட்டி வரவில்லை. எனக்கு அவர் மேல் மனத்தாங்கல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான், அந்தக் கூடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. நான் கொடுத்தது நல்ல சேலைதான். கொடுத்த விதம் அவரைச் சிறுமைப்படுத்தியிருக்கிறது.

ரூத்தின் புத்தகத்தை அந்த வாரம் திரும்ப வாசித்தேன். கதிர் பொறுக்க வந்த அந்நிய நாட்டு விதவைக்கு போவாஸ் ஒரு மூட்டை வாற்கோதுமையைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். அன்றைக்கு அவர் அப்படிச் செய்யவில்லை. அறுப்பு அறுக்கிற வேலைக்காரரிடம், அவள் பொறுக்குகிற வழியில் வேண்டுமென்றே கொஞ்சம் கதிரை விட்டுவைக்கச் சொல்கிறார். அவளை அதட்டக் கூடாது என்றும் சொல்கிறார். ரூத் சாயங்காலம் மாமியாரிடம் போகும்போது, தான் பாடுபட்டுச் சேர்த்த தானியத்தோடு போகிறாள். எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்ட கதை. அந்தக் கதிர்களை யாருக்கும் தெரியாமல் சிந்தவிட்ட கைகளை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

எங்கள் மண்ணில் பிறந்த பேராயர் அசரியாவும் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டார். வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் தோர்ணக்கலில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் பேசியபோது, மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களோடு சமமாக உட்காரும் நட்பு எங்கே என்று கேட்டார். ஈகை இருந்தும் நட்பு இல்லாமல் போக முடியும் என்பதை அத்தனை பெரிய சபையில் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அன்றுமுதல் நான் பழகிக்கொண்ட சில காரியங்கள் உண்டு. துஷ்டி வீட்டுக்கு முதல் மூன்று நாள் எல்லாரும் போவார்கள், சாப்பாடும் வந்துவிடும். பந்தலைப் பிரித்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனபின் வீடு ஓவென்று கிடக்கும். நான் 20-ஆம் நாள்போலப் போகிறேன். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்வதை விட்டுவிட்டேன். யாரும் சொல்ல மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் பதிய வேண்டுமா, பேங்குக்குப் போக வேண்டுமா என்று பார்த்து, “நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன், சேர்ந்து போவோம்” என்றால் மறுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நோயாளிக்குத்தான் போகின்றன. நான் துணைக்கு இருப்பவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறேன். ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்துகொண்டு, அவரைக் குளித்து வரச் சொல்கிறேன். கீரைக்காரம்மா தெருமுனையில் நின்றால் கூடையை ஒரு கை பிடித்து இறக்கிவிடுவேன். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் விடும் மூச்சைக் கேட்டபின் பேரம் பேச வாய் வராது.

பிடிக்காதவர்களிடம் இதெல்லாம் எளிதல்ல. சுவர்த் தகராறில் எங்களோடு பேச்சை முறித்த பக்கத்து வீட்டாருக்குத் தண்ணீர் வராத நாளில் இரண்டு குடம் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு லெந்து காலம் முழுக்க ஜெபிக்க வேண்டியிருந்தது. அவர்கள் இன்னும் பேசவில்லை. குடங்களைக் கழுவித் திருப்பி வைத்திருந்தார்கள்.

அம்மா உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். எங்கள் பக்கத்துச் சபைப் பெண்களின் வழக்கமான பிடி அரிசிக் காணிக்கை அது. மூட்டையில் மிஞ்சியதை எடுப்பதில்லை. அன்றைக்குப் பொங்க வேண்டியதில்தான் ஒரு பிடி குறையும். நானும் இப்போது பணத்தைவிட நேரத்தில் அந்தப் பிடியை எடுக்கப் பார்க்கிறேன். வேலை இல்லாத நாளில் கொடுக்கும் ஒரு மணி நேரம் எனக்குச் சுலபம். அவசரமான நாளில் கொடுக்கும் பத்து நிமிஷம்தான் உலையில் குறைகிறது.

சேலை விஷயத்தில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “அது போகட்டும்மா” என்றார், அவ்வளவுதான். சில மாதம் கழித்து ஒரு காலையில் தன் வீட்டு மரத்தில் ஒடித்த முருங்கைக்கீரையை ஒரு கட்டு கொண்டுவந்தார். பழைய வழக்கப்படி என் கை பர்ஸுக்குத்தான் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். கட்டைப் பிரித்து முறத்தில் போட்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கீரையை உருவினோம். அடுத்த ஞாயிறு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, பேத்தியைக் கையில் பிடித்தபடி, கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார்.