யானைச்சுவடியை அடையாளம் காண்போம்

சூரியகாந்திக் குடும்பத்தில் நம் நாட்டுக் காட்டோரச் செடி ஒன்றும் உண்டு. அதுவே யானைச்சுவடி. இதன் இலைகள் தரையோடு ஒட்டி, யானை மிதித்த தடம்போல் வட்டமாக விரிந்திருக்கும். மலாயில் இது 'துத்துப் பூமி', அதாவது பூமியை மூடுவது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட 'எலெஃபன்டோபஸ்' என்னும் பெயரும் யானைக்காலையே குறிக்கும்.

இதன் உறவான அமெரிக்கக் களையொன்றும் இங்குப் பரவியுள்ளது. அதற்குத் தண்டிலும் இலைகள் நிறைந்திருக்கும், பூ வெளிறியது. யானைச்சுவடிக்குத் தண்டில் இலை மிகக் குறைவு; பூ ஊதா.

மருந்துக்குப் பறிக்குமுன் களைக்கொல்லி தெளித்த இடமா என்று கேட்டறிய வேண்டும்.

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்களும் பட்டணம் பெயர்ந்தன. செடியைக் காட்டிப் பெயர் சொல்லும் பாட்டிமார் குறைந்து வருகின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களே, அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.