ஆண்டுக் கட்டணம் கட்டும் முன், ஓவேலியில் போட்ட ஒரு கணக்கு

நீலகிரியில் கூடலூருக்கு மேலே இருக்கும் ஓவேலிக்காரர்களுக்கு விமான நிலையம் போய்ச் சேர்வதே பாதிப் பயணம். கூடலூருக்கு இறங்கி, நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு கரிப்பூர் போகலாம். இல்லையென்றால் ஊட்டி ஏறி, மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை. பெங்களூரு என்றால் முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குத் தக்கபடி முதல் நாளே கிளம்ப வேண்டும்.

இப்படி ஒரு மலையில் ஏர்லைன் கிரெடிட் கார்டுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டெல்லியிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் சம்பாதிக்கிறார்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கிய சில மாதங்களில் கார்டு விற்பவர்களின் அழைப்பும் வந்துவிடுகிறது. "ஒரு டிக்கெட் ஃப்ரீ மேடம், லவுஞ்ச் ஃப்ரீ" என்று ஆரம்பிப்பார்கள்.

ஓவேலியின் சூண்டிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்து, டெல்லியில் செவிலியராக இருக்கும் ஒரு பெண் அப்படித்தான் ஒரு கார்டு வாங்கினார். தீபாவளிக்கு வந்திருந்தபோது, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற தன் பெரியப்பாவிடம் பில்லைக் காட்டினார். ஆண்டுக் கட்டணம் 4,999 ரூபாய். அதற்குக் கீழே தனி வரியில் ஜிஎஸ்டி 899 ரூபாய் 82 பைசா. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண் மட்டுமே. கையை விட்டுப் போவது 5,899.

பெரியப்பா ஒரு பழைய டைரியை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் கட்டும் பணம். வலப்பக்கம் கிடைப்பது. "கார்டு இல்லாட்டியும் நீ காசு குடுத்து வாங்கியிருப்பியா, அதை மட்டும் இந்தப் பக்கம் சொல்லு பாப்பா" என்றார். கார்டு வாங்கலாமா என்று யோசிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஓட்டல் வவுச்சர், பத்திரிகைச் சந்தா, கோல்ஃப் விளையாட்டு என்று வங்கி தரும் பட்டியலில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போகும்.

அடுத்து இலவச டிக்கெட். கோவை–டெல்லி டிக்கெட் அன்று 7,200 ரூபாய் காட்டியது. கார்டு தந்த சலுகை அதில் அடிப்படைக் கட்டணமான 5,400-க்கு மட்டும்தான். விமான நிலையக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாயை அந்தப் பெண்ணே கட்டினார். ஆக, டைரியில் ஏறியது 5,400. ஆண்டு முழுவதும் கார்டில் செய்த ஒன்றரை லட்சம் செலவுக்கு, நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பில் புள்ளிகள் 1,500.

லவுஞ்சை மட்டும் பெரியப்பா அடிக்கவில்லை. அதற்கு ஓவேலிக் காரணம் உண்டு. விடியற்காலை இருட்டில் யானை நடமாட்டத்துக்குப் பயந்து டாக்ஸிக்காரர்கள் எஸ்டேட் சாலைக்குள் வரத் தயங்குவார்கள். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரியலாம். அதனால் இங்கிருந்து போகிறவர்கள் மற்றவர்களைவிடப் பல மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; அந்த நேரத்தில் சாப்பாடும் ஒரு நல்ல நாற்காலியும் நிஜமான உதவி. ஆனாலும் அதன் விலை, அந்தப் பெண் வெளியே சாப்பிட்டிருந்தால் ஆகியிருக்கும் 300 ரூபாய்தான், வங்கி சொல்லும் மதிப்பு அல்ல. இரண்டு முறைக்கு 600. இதிலும் ஒரு முடிச்சு உண்டு: ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் தன் பல கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்று ஆக்கியது. மற்ற வங்கிகளும் இதே வழியில் போகின்றன. தன் கார்டுக்கு அப்படி ஏதும் வரம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வலப்பக்கம் கூட்டினால் 7,500. கட்டணம் போக 1,601 ரூபாய் லாபம். ஆனால் அவர் ஊருக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அந்த நாட்களில் சலுகை டிக்கெட்டுக்கு ஒதுக்கும் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். டிக்கெட் கிடைக்காமல் வவுச்சர் காலாவதியானால் வலப்பக்கம் மிஞ்சுவது 2,100 மட்டுமே, நஷ்டம் 3,799. தேதியை முன்னே பின்னே நகர்த்த முடியாத வேலையில் இருப்பவர்கள் இரண்டாவது கணக்கை நம்புவதே பாதுகாப்பு.

அந்தச் செவிலியரின் அண்ணன் ஊரிலேயே இருக்கிறார். பச்சைத் தேயிலை கொடுத்து வரும் பணம், ஒரு சின்ன வண்டி வாடகை. அவருக்கும் அதே அழைப்பு வந்திருந்தது. "அண்ணே, உனக்கு இது வேண்டாம்ணே" என்று தங்கையே சொல்லிவிட்டார். காரணம் எளிது. கூடலூர் கடைவீதியிலும் ஓவேலி மளிகைக் கடைகளிலும் பணம் நோட்டாகவோ ஜிபேயாகவோதான் போகிறது. யுபிஐ-யில் இணைக்க முடிகிற கிரெடிட் கார்டு ரூபே மட்டும். விசா, மாஸ்டர்கார்டில் வரும் ஏர்லைன் கார்டை அந்தக் கடைகளில் நீட்ட முடியாது. பெட்ரோல், வீட்டு வாடகை போன்றவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் புள்ளியும் கிடையாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்ற மதிப்பில், 5,899 ரூபாயைப் புள்ளியால் மட்டும் மீட்க ஏறத்தாழ 5.9 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் ஆண்டு வரவே அவ்வளவு இல்லை.

எந்த நிறுவனத்தின் கார்டு என்பதும் முக்கியம். ஜெட் ஏர்வேஸ் பெயரில் பல வங்கிகள் கார்டு கொடுத்தன. 2019 ஏப்ரல் 17-ல் அந்த விமானங்கள் நின்றன. சேர்த்த ஜேபிமைல்ஸ் பிறகு இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது, ஆனால் அதை வைத்து ஏற ஜெட் விமானம் இல்லை. விஸ்தாரா நல்ல பெயரோடு இருந்தபோதே 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவில் கலந்தது. புள்ளிகள் மகாராஜா கிளப்புக்கு மாறின. ஆக்சிஸ், எஸ்பிஐ போன்றவை கொடுத்த விஸ்தாரா கார்டுகளில் மக்களை இழுத்த இலவச டிக்கெட் 2025 ஏப்ரலோடு முடிந்தது. எஸ்பிஐயின் ஏர் இந்தியா சிக்னேச்சர் கார்டில், ஏர் இந்தியா டிக்கெட்டுக்கு 100 ரூபாய்க்கு 30 புள்ளி என்றிருந்தது 2025 மார்ச் 31 முதல் 10 ஆனது. கார்டு ஒப்பந்தத்திலேயே இப்படி மாற்றும் உரிமையை வங்கிகள் எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்காமல் கிடைத்த கையோடு பயன்படுத்திவிட வேண்டும். அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சென்ற ஆண்டுச் சலுகையை நினைத்துக் கட்டக் கூடாது.

வட்டியைப் பற்றித் தயவு தாட்சண்யமில்லாமல் சொல்ல வேண்டும். பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல். 40,000 ரூபாயை ஒரு மாதம் பாக்கி வைத்தால் வட்டி 1,400, அதன்மேல் ஜிஎஸ்டி 252. அந்தச் செவிலியரின் ஆண்டு லாபம் முழுவதும் ஒரே மாதத்தில் கரைந்துவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிப் பழகியவர்களுக்கு எந்த ஏர்லைன் கார்டும் கட்டுப்படியாகாது. இதில் விதிவிலக்கே இல்லை.

அப்படியானால் யாருக்குத்தான் இது? கோவையிலிருந்தோ கரிப்பூரிலிருந்தோ ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை எப்படியும் பறப்பவர்கள், தேதியை மாற்ற முடிந்தவர்கள், பில்லை முழுதாகக் கட்டுபவர்கள் வாங்கலாம். கரிப்பூர்–வளைகுடா வழியில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்தான் அதிகம் பறக்கிறது. அந்த வழிக்காரர்கள் வேறொரு நிறுவனத்தின் கார்டை எடுத்துப் பயனில்லை. குறைந்த கட்டணக் கார்டுகளையும் பார்க்கலாம். எச்டிஎஃப்சியின் டாடா நியூ இன்ஃபினிட்டிக்கு ஆண்டுக்கு 1,499 ரூபாயும் ஜிஎஸ்டியும். 3 லட்சம் செலவழித்தால் அதுவும் தள்ளுபடி. ஆனால் தள்ளுபடிக்காகச் செலவை ஏற்றக் கூடாது.

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்கள், புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே வங்கிக்கு அழைத்துக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்களுக்குப் பல நேரம் கிடைக்கிறது. கிடைக்கவில்லை, கணக்கும் ஒத்துவரவில்லை என்றால், புள்ளிகளைச் செலவழித்து, பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டு, கார்டை மூடும்படி எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.