பாதியில் நின்ற சேவ்: சிதைந்த கோப்பை எங்கே தேடுவது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோதும் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் கணினிக் கோப்புகளுக்குப் புயலால் வரும் ஆபத்து நாம் நினைப்பதைவிடக் குறைவு. புயல் சொல்லிவிட்டு வருகிறது. அதற்குள் எல்லோரும் கணினியை அணைத்துவிடுகிறார்கள். காலை 9 மணி முதல் 2 மணி வரை பராமரிப்புப் பணி என்று நாளிதழில் அறிவிக்கப்படும் மின்தடையும் அப்படித்தான். ஆபத்து, சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகையோ பள்ளி வினாத்தாளோ திரையில் இருக்கும்போது, ஒரே நொடி மின்சாரம் போய்த் திரும்புவதில் இருக்கிறது. சேவ் கொடுத்த விரல் எடுப்பதற்குள் திரை அணைந்துவிடுகிறது. மறுபடி திறந்தால், கோப்பு சிதைந்துள்ளது என்ற அறிவிப்பு. அப்போது பெரும்பாலோர் அந்தக் கோப்பையே பிடித்துக்கொண்டு சரிசெய்யப் போராடுகிறார்கள். அங்குதான் நேரம் வீணாகிறது. சிதைந்த கோப்பு கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். அதற்கு முன்னால் தேட வேண்டியது, அதே வேலையின் பழைய முழுப் பிரதியை. ஏன் என்பதற்குக் காரணம், சேவ் நடக்கும் விதத்திலேயே இருக்கிறது.

வேர்டு போன்ற மென்பொருள், நாம் சேவ் கொடுத்ததும் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறது. எழுதி முடித்த பிறகே பழையதை விலக்கிவிட்டு, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகிறது. படியெடுத்து முடியும்வரை பழைய ஏட்டைக் கைவிடாத சுவடிக்காரர்களின் முறைதான் இது. அப்படியானால் கோப்பு கெடவே கூடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதிவிட்டேன் என்று மென்பொருள் நினைக்கும் நேரத்தில் தரவு இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். பெயர் மாற்றம் மட்டும் முந்திக்கொண்டு வட்டுக்குப் போய்விடலாம். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பு, கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்களுக்குத்தான் குறிப்பேடு வைத்துக் காக்கிறது. உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. அதனால்தான் அளவு சரியாக இருந்தும் உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள் நிரம்பிய கோப்புகள் கிடைக்கின்றன. லினக்ஸில் 2009 வாக்கில் இஎக்ஸ்டி4 அமைப்பு புழக்கத்துக்கு வந்தபோது, மின்தடைக்குப் பிறகு கோப்புகள் பூஜ்ஜிய அளவில் நிற்கின்றன என்று பெரிய விவாதமே நடந்தது. காரணம் இதே தாமத எழுத்துதான். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. எழுதப்படாத தரவு சிதைந்த கோப்புக்குள் இல்லவே இல்லை. எந்தக் கருவியும் அதை அங்கிருந்து எடுக்க முடியாது. ஆனால் விலக்கப்பட்ட பழைய பிரதியும் தற்காலிகக் கோப்பும் வட்டில் எங்கோ இருக்க நல்ல வாய்ப்புண்டு.

முதல் படி: கையை எடுங்கள்

மின்சாரம் வந்ததும் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். தப்பித்தவறித் திறந்துவிட்டால் மூடும்போது சேவ் செய்யாதீர்கள். அதே டிரைவில் புதிதாக எதையும் நிறுவாதீர்கள், பதிவிறக்காதீர்கள். பழைய பிரதி கிடக்கும் இடத்தின் மேல் அது போய் உட்கார்ந்துவிடலாம். சிதைந்த கோப்பையும், அது இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் வேறொரு பென்டிரைவுக்கு நகலெடுங்கள். இனி எந்தச் சோதனையும் அந்த நகலில் மட்டும். விண்டோஸ் தானாக வட்டைச் சரிபார்க்க முன்வந்தாலும், முக்கியமான வேலை என்றால் நகலெடுக்கும்வரை தள்ளிப்போடுங்கள். அந்தச் சரிபார்ப்பு வட்டின் ஒழுங்கைக் காக்கும். உங்கள் கட்டுரையைக் காப்பது அதன் வேலையல்ல.

இரண்டாம் படி: நோய் என்ன என்று பாருங்கள்

கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் உள்ளே தேட ஒன்றுமில்லை; நேராக மூன்றாம் படிக்குப் போங்கள். அளவு இருந்தால், நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகள் உண்மையில் ஜிப் பொதிகள். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் கேட்ஸின் பெயரெழுத்துகளான ஆங்கில பி, கே இரண்டும் தொடக்கத்தில் இருந்தால் பொதியின் தலை பிழைத்திருக்கிறது. திரை முழுக்க வெற்றிடமாக இருந்தால் அது பூஜ்ஜியங்களின் வரிசை. அதோடு போராட வேண்டாம். தலை இருந்து, அளவு மட்டும் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் வால் அறுந்திருக்கிறது என்று பொருள். இது நம்பிக்கை தரும் வகை. நான்காம் படியில் அது பயன்படும்.

மூன்றாம் படி: உடன்பிறந்தவற்றைத் தேடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். வேர்டைத் தனியாகத் திறந்தால், மீட்கப்பட்ட ஆவணங்களின் பட்டியல் இடப்பக்கம் தோன்றலாம். தோன்றாவிட்டால், ஃபைல் மெனுவில் இன்ஃபோ பகுதிக்குள் சேவ் ஆகாத ஆவணங்களை மீட்கும் வழி இருக்கிறது. வழக்கமான அமைப்பில் வேர்டு 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கிறது. அதன் பின்னொட்டு ஏஎஸ்டி. ஏஎஸ்டி, டிஎம்பி, டபிள்யுபிகே ஆகிய மூன்று பின்னொட்டுகளையும் டிரைவ் முழுக்கத் தேடி, தேதி வாரியாக அடுக்கி, மின்சாரம் போன நேரத்தை ஒட்டியவற்றைத் தனியே எடுங்கள். அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் கொண்ட சின்னஞ்சிறு கோப்பு ஒன்று கண்ணில் படும். ஆவணத்தைத் திறந்து வைத்திருப்பவர் யார் என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. அதைக் கண்டு மகிழ வேண்டாம். இன்னும் பேஜ்மேக்கரில் வேலை செய்யும் கடைகளுக்கு ஒரு சலுகை: பக்கம் மாற்றும்போதெல்லாம் அது தானாக ஒரு சிறு சேவ் செய்துகொள்கிறது. மின்தடைக்குப் பிறகு கோப்பு திறந்தால், நீங்கள் கடைசியாக சேவ் கொடுத்த நிலைக்குப் பிந்தைய வேலையும் அதில் இருக்க வாய்ப்புண்டு.

கணினிக்கு வெளியேயும் தேடுங்கள். கூகுள் டிரைவில் ஏற்றிய கோப்பு என்றால், பழைய பதிப்புகள் 30 நாள்வரை அங்கே இருக்கும். ஒன்டிரைவிலும் பதிப்பு வரலாறு உண்டு. மெயிலின் அனுப்பியவை பெட்டியைப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிய புரூஃப் பிடிஎஃப்பைப் பாருங்கள். திருத்தம் போட்ட காகிதம் குப்பைக்கூடையில் கிடந்தால் அதுவும் ஒரு பிரதிதான்: படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் அச்செழுத்தைப் பெருமளவு வாசித்துக் கொடுக்கும்.

நான்காம் படி: இனிதான் பழுதுபார்ப்பு

உடன்பிறப்பு எதுவும் கிடைக்காதபோது சிதைந்ததன் நகலுக்கு வாருங்கள். வேர்டிலும் எக்செல்லிலும் ஓப்பன் பொத்தானின் அருகே உள்ள அம்புக்குறியை அழுத்தினால் ஓப்பன் அண்ட் ரிப்பேர் கிடைக்கும். அது தோற்றால் லிபர் ஆஃபிஸில் திறந்து பாருங்கள். வேர்டு மறுப்பதைச் சில சமயம் அது ஏற்றுக்கொள்ளும். அதுவும் தோற்றால் பின்னொட்டை ஜிப் என்று மாற்றுங்கள். ஜிப் பொதியின் பொருளடக்கம் அதன் கடைசியில் இருக்கிறது. பாதியில் நின்ற சேவில் அறுந்துபோவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதிதான். உள்ளே சரக்கு இருந்தும், பட்டியல் தொலைந்ததால் மென்பொருள் கதவை மூடிவிடுகிறது. வின்ராரின் ரிப்பேர் வசதி, சரக்கைப் பார்த்துப் பட்டியலை மறுபடி எழுத முயல்கிறது. அது வெற்றி பெற்றால், வேர்டு என்ற ஃபோல்டருக்குள் டாக்குமென்ட் என்ற பெயரில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் உங்கள் எழுத்து முழுவதும் இருக்கும். அலங்காரம் போனாலும் சொல் தப்பிக்கும். எந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி வேர்டில் உண்டே என்பார்கள். அது பழைய டாக் வகைக்குத்தான் உதவும். புதிய வகையில் எழுத்து சுருக்கிப் பொதியப்பட்டிருப்பதால் அங்கே அதற்குப் பிடி கிடைப்பதில்லை.

ஐந்தாம் படி: தமிழ் என்பதால் ஒரு கூடுதல் சோதனை

மீட்ட கோப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால் உடனே கைவிடாதீர்கள். அது சிதைவாக இல்லாமல் இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்ட பின்பும் கடைக்குக் கடை வேறு எழுத்துரு ஓடியது. எழுத்துருவின் பெயர் அலங்காரத்தோடு சேர்ந்து போய்விட்டால், முழு நலத்தோடு இருக்கும் எழுத்தும் உளறலாகத் தெரியும். பழைய எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் யூனிகோடு மாற்றியில் இட்டுப் பாருங்கள். யூனிகோடு கோப்பிலும் இப்படி நேரும்: சாய்கோடு தலையில் ஏறிய ஆங்கில ஏ எழுத்து மீண்டும் மீண்டும் வந்தால், யுடிஎஃப்-8 தமிழைக் கணினி வேறு குறியேற்றமாக வாசிக்கிறது என்று பொருள். திறக்கும்போது குறியேற்றத்தை மாற்றினால் போதும்.

கிடைத்ததைப் புதிய பெயரில் சேமித்து, கடைசிப் பக்கம் இருக்கிறதா, அடிக்குறிப்புகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு மூன்று அரைகுறைப் பிரதிகள் கிடைத்திருந்தால் வேர்டின் கம்பேர் வசதியில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். சாந்தோமுக்குத் தெற்கே பெசன்ட் நகரில் நூலகத்துக்குப் பெயராக நிற்கும் உ.வே.சாமிநாதையர் செல்லரித்த சுவடிகளிலிருந்து நூல்களை மீட்டதும் இந்த வழியில்தான். ஒரே ஏட்டை உற்றுப் பார்த்து விடுபட்ட சொல்லை ஊகிப்பதற்கு முன், அதே நூலின் வேறு ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்.

இவ்வளவு எதற்கு, மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினால் ஆகாதா என்ற வாதத்துக்குப் பாதி நியாயம் உண்டு. அழிக்கப்பட்ட தற்காலிகக் கோப்பைப் பழைய ஹார்ட் டிஸ்கில் அது கண்டுபிடிக்கலாம். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு குறுகிவிட்டது. அழிக்கப்பட்ட இடத்தை டிரிம் என்ற கட்டளை மூலம் அது விரைவில் துடைத்துவிடுகிறது. யுபிஎஸ் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். வீட்டு இன்வெர்ட்டரை யுபிஎஸ் என்று நம்புவோர் அதிகம். அதன் பின்புறம் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருந்தும் அதைத் தொடாமல் விட்டால், மின்சாரம் மாறும் இடைவெளியில் கணினி அணைந்தே போகும். நல்ல யுபிஎஸ்ஸும் மென்பொருள் உறைந்துபோவதையோ, நகலெடுக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கும் கையையோ தடுக்காது.

கிளவுட் தானாகச் சேமிக்கிறது என்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: வேர்டின் ஆட்டோசேவ், கோப்பு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருந்தால்தான் ஓடும், டெஸ்க்டாப்பில் மட்டும் கிடக்கும் கோப்புக்கு அது இல்லை. ஆகவே இன்றே மூன்றைச் செய்து வையுங்கள். மீட்புப் பிரதியின் இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து ஒன்றோ இரண்டோவாகக் குறையுங்கள். வேர்டின் அட்வான்ஸ்டு அமைப்பில் எப்போதும் பேக்கப் பிரதி எடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வேளை வேலையையும் தேதியும் எண்ணும் சேர்த்த புதிய பெயரில் சேவ் ஆஸ் செய்யுங்கள். பெயர் வேறாகிவிட்டால், பாதியில் நிற்கும் எந்த சேவும் நேற்றைய கோப்பைத் தொடாது. அடுத்த முறை விளக்கு சிமிட்டும்போது இழப்பது சில நிமிட வேலையாக இருக்கும். தேட வேண்டிய இடமும் தெரிந்திருக்கும்.